ஜன்னலில் நீட்டிய கைகள்

"சார், இன்னும் கொஞ்சம் முன்னாடி சாயுங்க. தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கங்க."

"இந்த வயசுல கட்டிப் பிடிக்க எனக்குத் தலையணைதான் கிடைச்சுது பாரு," என்று முனகிக்கொண்டே ரெஃப்ரி சாய்ந்தார்.

முதல் மாடியில் தெருவைப் பார்த்த அறை அது. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் இரண்டு தலையணை, அவற்றின்மேல் கவிழ்ந்தபடி ரெஃப்ரி. வெளிச்சம் வேண்டும் என்று திரையை எப்போதும் விலக்கியே வைக்கச் சொல்வார். அவருக்குப் பின்னால் நின்ற பிசியோதெரபிஸ்ட், முதுகில் ஒரு துண்டை விரித்து, உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்துத் தட்டத் தொடங்கினாள். டொப், டொப், டொப். தோளுக்குக் கீழே, விலாவுக்குப் பக்கத்தில், மறுபடியும் தோளுக்குக் கீழே. குவிந்த கைக்குள் காற்று அடைபடுவதால் சத்தம்தான் பெரிதாக வரும், வலி இருக்காது. பார்க்கிறவருக்கு அது அடி, வாங்குகிறவருக்கு ஒத்தடம்.

ரெஃப்ரிக்கு நுரையீரல் குழாய்கள் தளர்ந்துபோய்ச் சளி தேங்கும் வியாதி. மருந்து ஒருபக்கம் இருந்தாலும், தேங்கியதைத் தட்டித்தான் கிளப்ப வேண்டும். விட்டால் காய்ச்சல் வரும், மூச்சு முட்டும், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். போன வருடம் அப்படிப் படுத்துத்தான் பாதி ஆளாகத் திரும்பினார். அதிலிருந்து தினமும் காலையில் கிளினிக்கிலிருந்து பிசியோ வருகிறாள். அந்தப் பகுதியில் நெஞ்சுச் சளி என்றால் பெரியவர்களுக்கும் சரி, கைக்குழந்தைகளுக்கும் சரி, "அந்தம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். கைராசி என்று சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "ராசி இல்லீங்க, படிப்பு" என்பாள்.

ரெஃப்ரி என்பது பட்டப்பெயர்தான். ஒரு காலத்தில் பெரிய பெரிய கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் சட்டைப் பையில் எச்சரிக்க மஞ்சள் அட்டையும் வெளியேற்றச் சிவப்பு அட்டையும் இருக்கும். மகன் சமையலில் உப்பைக் கொட்டினால் மஞ்சள் அட்டை எடுத்துக் காட்டுவார். மனைவி போனபிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகனும் மட்டும்தான்.

முதுகில் தட்டும்போது பேசினால் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அவருக்கும் பிசியோவுக்கும் நடுவில் ஒரு கைப்பாஷை உண்டாகியிருந்தது. ஒரு கையைத் தூக்கினால் நிறுத்து. நெஞ்சைத் தொட்டால் தண்ணீர். பிசியோ கையை நிறுத்தி, "போதுமா சார்?" என்று கேட்டால், அவர் இரண்டு கைகளையும் முன்னால் வீசி நீட்டுவார். மைதானத்தில் ரெஃப்ரிகள் காட்டும் சைகை அது. ஒருவன் முரட்டுத்தனமாக மோதினாலும், மோதப்பட்ட அணியே பந்தோடு முன்னேறிக்கொண்டிருந்தால் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். இரண்டு கைகளையும் நீட்டி, "அட்வான்டேஜ், ஆடிக்கிட்டே போ" என்பார்கள்.

அன்றும் பிசியோ கேட்டாள். அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, ஜன்னலைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் மறுபடியும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்தது கிளம்பி வந்தது. கிண்ணத்தில் துப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. அவருக்கென்று பிசியோ கண்டுபிடித்த பயிற்சி: அவருடைய பழைய விசிலையே ஊத வேண்டும். வாங்கி ஊதினார். புஸ் என்று காற்று வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

"பஞ்சர் ஆயிடுச்சு போல," என்று சிரித்தாள்.

"சிரி, சிரி. ஒருநாள் ஊதுறேன் பாரு, தெருவே திரும்பிப் பாக்கும்."

தெரு அதற்கு முன்பே திரும்பிப் பார்த்துவிட்டது. விசிலைக் கேட்டு அல்ல.

எதிர் வீட்டு மாடியில் ஒரு டியூஷன் டீச்சர் இருந்தாள். புதிதாகக் குடிவந்தவள். கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் தர மாட்டாள், "வழிமுறை எங்கே?" என்று கேட்பாள். கெட்டவள் அல்ல. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவர்கள் திட்டம்போட்டுச் செய்யும் கெடுதலைவிட நல்லவர்கள் பதறிப்போய்ச் செய்யும் கெடுதல்தான் ஊரில் அதிகம்.

சாத்திய கண்ணாடி ஜன்னல் வழியாக அந்த அறை அவளுக்கு ஊமைப்படமாகத் தெரிந்தது. சில நாட்களாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் கையை ஓங்கி ஓங்கி ஒரு பெரியவர் முதுகில் அடிக்கிறாள். அன்று அவள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் வாய் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். நேராக அவளைப் பார்த்து. "காப்பாத்தும்மா" என்று அவர் கேட்டது டீச்சருக்குக் காதிலேயே விழுந்துவிட்டது. கண் கலங்கிவிட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு குறுகிய தெருதான். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். அதைக் கடந்து, படியேறி, மணியை அழுத்தி, "என்னங்க பண்றீங்க?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் கேட்க வாயைத் திறக்க வேண்டும். பதிவு போடக் கட்டைவிரல் போதும். "எங்கள் தெருவில் தினமும் அடி வாங்கும் இந்தப் பெரியவரை யாராவது காப்பாற்றுங்கள்" என்று எழுதி, வீடியோவோடு போட்டாள்.

காப்பாற்றக் கிளம்பினார்கள் பாருங்கள்! ஒரு புண்ணியவான் வீடியோவின் வேகத்தைக் கூட்டினான், அடி பலமாகத் தெரிந்தது. இன்னொருவன் சோகமாக வயலின் சேர்த்தான். மூன்றாமவன் நீட்டிய கைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். மத்தியானத்துக்குள் பிசியோவின் சீருடையை வைத்துக் கிளினிக்கைக் கண்டுபிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அவளுடைய போன் நம்பரைக் கண்டுபிடித்தார்கள். 'இவ கையை உடைக்கணும்', 'ரோட்டுல இழுத்துட்டு வந்து அடிக்கணும்' என்று அகிம்சையைப் போதித்தார்கள். சொந்த அப்பாவுக்கு மாதக்கணக்கில் போன் செய்யாதவர்கள் இந்த அப்பாவுக்காக அழுதார்கள்.

மறுநாள் கிளினிக்கில், நெஞ்சுச் சளியோடு தினமும் வரும் ஒரு கைக்குழந்தையின் தாய், பிசியோ கையை நீட்டியதும் குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள்.

"இல்ல மேடம்... நாங்க அப்புறம் வரோம்."

"குழந்தைக்கு நெஞ்சு கர்ருனு இருக்கும்மா. இப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க."

அந்தத் தாய் வாசல்வரை போய்த் திரும்பி, பிசியோவின் கைகளைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல. முந்தின நாள்வரை அந்தக் குழந்தை பிசியோ மடியில்தான் தூங்கும்.

கிளினிக் முதலாளி உள்ளே கூப்பிட்டார். அவரும் பிசியோதெரபிஸ்ட்தான், இப்போது கை ஓய்ந்து நாற்காலி மட்டும் வேலை செய்கிறது.

"ஒரே ஒரு நிமிஷ வீடியோம்மா. தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சுடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா முடிஞ்சுது. ரெண்டு நாள்ல வேற எவனாவது மாட்டுவான். உன்ன மறந்துடுவாங்க."

"எது சார் தெரியாம நடந்துச்சு?"

"அட, அது வைத்தியம்னு எனக்குத் தெரியாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏதும்மா?"

"மூட முடியலைங்கிறதுக்காக நானே அந்த வாய்க்குள்ள போய் உக்காரணுமா?"

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "வீராப்புப் பேசாத. கிளினிக் பேரு கெடுது."

"சார், நான் கொடுமை பண்ணேன்னு ஒத்துக்கிட்டா, முதுகுல தட்டுறதே கொடுமைன்னு ஆயிடும். இப்ப போனாங்களே அந்தம்மா, அவங்க இனிமே யாரையுமே குழந்தையைத் தொட விட மாட்டாங்க. லைக் போட்டவங்க வந்து அது நெஞ்சுச் சளியை எடுப்பாங்களா? செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். நீங்க என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க."

"அப்ப நிலைமை சரியாகுற வரைக்கும் வேலைக்கு வராத," என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தால் யாருக்கு என்ன லாபம்?

வீட்டில் போன் ஓயாமல் அடித்தது. சிலர் தங்கையையும் சேர்த்து அசிங்கமாகப் பேசினார்கள். தங்கை, "அணைச்சு வை அக்கா" என்று கெஞ்சினாள். பிசியோ அணைக்கவில்லை. ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தாள். "நீதானே அந்தக் கிழவரை அடிச்சவ?" என்று உறுமுகிறவர்களிடம், "பேசறது நான்தான். நீங்க யாரு? உங்க பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். பேரைக் கேட்டதும் வீரம் எல்லாம் டொக்கென்று துண்டித்துக்கொண்டது. ஒருத்தர்கூடப் பெயர் சொல்லவில்லை.

அவள் அழுதது ஒரே ஒரு இடத்தில்தான். ரெஃப்ரியின் மகன் எழுதியிருந்ததைப் படித்தபோது.

மகனுக்கு ஃபர்னிச்சர் கடையில் மேற்பார்வையாளர் வேலை. முதுகில் தட்டுவது வைத்தியம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பிசியோவைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தவனே அவன்தான். அந்தக் கைச் சைகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். முதலில் வீடியோவைப் பார்த்து, "லூசுங்க" என்று சிரிக்கத்தான் செய்தான். பிறகு கீழே இருந்த கருத்துகளைப் படித்தான். 'கூலிக்கு ஆள் வச்சு அப்பனை அடிக்க விட்ட மகன் எங்கே?' 'எந்தக் கடையில வேலை செய்யறான்னு தெரியும்.' சோபா பார்க்க வந்த ஒரு குடும்பம் அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தது. அவன் குடோனுக்குள் ஒதுங்கிப் போனை எடுத்தான்.

"இந்தச் சம்பவம் எங்களுக்கும் பேரதிர்ச்சி. அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டோம். தகுந்த நடவடிக்கை எடுப்போம்" என்று எழுதிப் போட்டான். உடனே 'நல்ல மகன்', 'சிங்கம்' என்று பாராட்டுகள் குவிந்தன. சிங்கம் அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அப்பாவிடம் அவன் இதைச் சொல்லவில்லை. "அந்தம்மா லீவுல போயிருக்காங்கப்பா" என்றான். வேறொரு கிளினிக்கிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தான். வந்த ஆள் முதலில் ஜன்னலைப் பார்த்தார், எதிர் ஜன்னலைப் பார்த்தார், திரையை இழுத்து மூடினார். பிறகு புத்தக அலமாரியில் தூசி தட்டுவதுபோல ரெஃப்ரியின் முதுகைத் தொட்டார்.

"என்னப்பா, தடவிக் கொடுக்குற? நான் என்ன பூனையா? நல்லாத் தட்டு!"

"வேணாம் சார். யாராவது பாத்துட்டா வம்பு."

அவரும் மறுநாள் வரவில்லை. தட்டாத சளி தங்கியது. ரெஃப்ரிக்கு மாலையில் காய்ச்சல் கண்டது, மூச்சில் ஒரு கீச்சொலி சேர்ந்துகொண்டது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இரண்டுமுறை நின்று மூச்சு வாங்கினார். காலையில் காபி கொண்டுவந்த மகனின் கையைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. அவ எங்க? யாராவது பாத்தா என்ன வம்பு?"

மகன் தலையைக் குனிந்துகொண்டு போனை நீட்டினான். ரெஃப்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீட்டிய கைகளும் சிவப்பு வட்டமும் வந்ததும் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"டேய், இது அட்வான்டேஜ்டா! கால்பந்து பாக்குறவன் ஒருத்தன்கூடவா இந்த ஊர்ல இல்ல?"

பிறகு விரலால் தள்ளித் தள்ளிக் கீழே படித்தார். மகன் எழுதியது வந்தது. படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது நீ எழுதினதா?"

"பயமா இருந்துச்சுப்பா. கடை வரைக்கும் வந்துட்டாங்க. எல்லாரும் ஒரு பக்கம் இருக்கும்போது..."

"ஒரு மேட்ச்சுல," ரெஃப்ரி நிறுத்தி மூச்சு வாங்கினார். "மைதானம் முழுக்க என்னைக் கெட்ட வார்த்தையில கத்துச்சு. செருப்பு பறந்துச்சு. அது கூட்டம், கத்தும். அவங்களை அன்னிக்கே மறந்துட்டேன். ஆனா கோட்டோரம் கொடியோட பக்கத்துலயே நின்னு பாத்த லைன்ஸ்மேன் ஒருத்தன் இருந்தான். தப்பு நடந்ததைப் பாத்தும் கூட்டத்துக்குப் பயந்து கொடியைத் தூக்கல. அவன் மூஞ்சி இன்னிக்கும் ஞாபகம் இருக்கு." சட்டைப் பையைத் தடவினார். அட்டையை எடுக்கவில்லை. "உனக்குக் காட்ட அட்டையே இல்லடா என்கிட்ட."

அப்பா திட்டியிருந்தால் மகன் தாங்கியிருப்பான். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதுதான் தாங்கவில்லை. அங்கேயே நின்று பிசியோவுக்குப் போன் செய்தான்.

"மேடம்... அப்பாவுக்கு மூச்சு ரொம்ப..."

"ரெண்டு தலையணை எடுத்து மேசைமேல வைங்க. வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க. வரேன்."

"வாசல்ல ஆளுங்க நிக்குறாங்க மேடம். கேமரால்லாம் வச்சிருக்காங்க. பின்பக்கம் ஒரு வழி இருக்கு, அதுல..."

"நான் எதுக்கு பின்பக்கம் வரணும்?"

சீருடையிலேயே வந்தாள். ரெஃப்ரி வீட்டு வாசலில், 'எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்' என்று ஒரு இணைய சேனல்காரர் மைக்கோடு நின்றிருந்தார். சுற்றிலும் வேலைவெட்டியை விட்டு வந்த ஒரு கூட்டம். அவளைப் பார்த்ததும் போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உயர்ந்தன. "வந்துட்டா, வந்துட்டா!" மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அவள் நடையைக் குறைக்கவில்லை, முகத்தையும் மறைக்கவில்லை. வழியை அடைத்து நின்ற ஒருவனைப் பார்த்து, "தம்பி, உள்ள ஒருத்தர் மூச்சு விட முடியாம இருக்கார். தள்ளு" என்றாள். அவன் தள்ளி நின்றான். போனை மட்டும் இறக்கவில்லை.

மேலே வந்து முதல் வேலையாகத் திரையை விலக்கினாள். ஜன்னலையும் அகலத் திறந்தாள்.

"எடுங்க!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். "நல்லா வெளிச்சத்துல எடுங்க. முன்னாடி எடுத்தது அரைகுறை. இதை முழுசா எடுங்க. சத்தத்தோட எடுங்க."

ரெஃப்ரி தலையணைமேல் சாய்ந்தார். துண்டு விரிந்தது. டொப், டொப், டொப். கீழே கூச்சல் எழுந்தது. "பாருங்க, நம்ம கண்ணு முன்னாடியே அடிக்கிறா!" அவள் நிறுத்தவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் கூட்டம் இல்லை, கேமரா இல்லை, கைக்குக் கீழே இருந்த நெஞ்சு மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி, "சார், போதுமா?" என்றாள்.

ரெஃப்ரி இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே வீசி நீட்டினார்.

கீழே கூச்சல் தடுமாறியது. அப்போதுதான் மகன் ஜன்னலுக்கு வந்தான். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, கீழே பார்த்துப் பேசினான்.

"அது 'தொடர்ந்து செய்'னு அர்த்தம். எங்கப்பா ஃபுட்பால் ரெஃப்ரி. இந்தம்மா பண்றது வைத்தியம். நெஞ்சுல கட்டுன சளியை இப்படித்தான் எடுக்கணும். எனக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சும் உங்களுக்குப் பயந்து பொய் எழுதினேன். தப்பு அவங்க மேல இல்ல, என் மேலதான்."

அவன் சொல்லி முடிக்கவும் ரெஃப்ரிக்கு உள்ளே இருந்தது கிளம்பவும் சரியாக இருந்தது. காறி எடுத்துக் கிண்ணத்தில் துப்பிய சத்தம் எல்லா போனிலும் தெளிவாகப் பதிவானது. சேனல்காரர் முகத்தைச் சுளித்தார். பெரியவருக்காக உயிரைக் கொடுக்க வந்தவர்களால் அவர் சளியைப் பார்க்க முடியவில்லை. ரெஃப்ரியோ பல நாள் பட்டினி கிடந்தவன் சாப்பாட்டைப் பார்த்ததுபோல ஆழமாக ஒரு மூச்சை இழுத்தார்.

பிசியோவின் போன் அடித்தது. முதலாளி. நேரலையைப் பார்த்திருக்கிறார்.

"அம்மா, அசத்திட்ட! கிளினிக் போர்டு தெரியுற மாதிரி நின்னு, 'நீதி வென்றது'ன்னு ஒரு சின்ன வீடியோ..."

"மன்னிப்பு வீடியோவும் கிடையாது, வெற்றி வீடியோவும் கிடையாது சார். அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணி, இது வைத்தியம்னு உங்க வாயால சொல்லுங்க. நாளைக்கு நான் வேலைக்கு வரும்போது குழந்தை அங்க இருக்கணும்." பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கோபத்தோடு கிளம்பி வந்த கூட்டம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகுமா? யாரோ கேட்டான்: "அப்ப முதல்ல வீடியோ போட்டது யாரு?" போன்கள் இந்த ஜன்னலிலிருந்து இறங்கி எதிர் ஜன்னலுக்கு ஏறின. "இவதான்! எதிர் வீட்டுக்காரி!" "டீச்சராம்! இவ என்னத்தைப் பாடம் நடத்துவா?" "வெளிய வாடி!" பிசியோவின் கையை உடைக்கச் சொன்ன அதே வாய்கள்தான், வார்த்தையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவன் எதிர் வீட்டுக் கதவை உதைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சுவரோரம் ஒடுங்கி நிற்பது தெரிந்தது.

பிசியோ அதைப் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'படட்டும்' என்று அவளுக்கும் தோன்றியது. மனுஷிதானே. அடுத்த நொடி தோளில் துண்டோடு படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிர் வீட்டுக் கதவில் முதுகை வைத்து நின்றாள்.

"அக்கா, தள்ளுங்க. உங்களுக்காகத்தான் கேக்குறோம்," என்றான் முன்னால் நின்றவன்.

"எனக்காகவா? நேத்து அவருக்காகன்னு சொல்லி என்னை அடிச்சீங்க. இன்னிக்கு எனக்காகன்னு சொல்லி இவங்களை அடிக்க வந்திருக்கீங்க. நாளைக்கு இவங்களுக்காகன்னு யாரை அடிப்பீங்க? உங்களுக்கு நியாயம் வேணாம். அடிக்க ஒரு ஆள் வேணும்."

"அவங்க பண்ணது தப்புதானே?"

"தப்புதான். எனக்கு இவங்க மேல கோவம் இருக்கு, நிறையவே இருக்கு. அதை நானே நேர்ல கேட்டுக்குவேன். என் கோவத்தை உங்களுக்கு யாரும் குத்தகைக்கு விடல." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இவங்க ஒரு தடவை போட்டாங்க. அதை ஊரெல்லாம் கொண்டுபோனது யாரு? என் கையை உடைக்கணும்னு எழுதினது யாரு? என் தங்கச்சியைப் பத்தி அசிங்கமாப் பேசினது யாரு? இங்கதானே நிக்குறீங்க? ஒருத்தர், ஒரே ஒருத்தர் முன்னாடி வந்து பேரைச் சொல்லி, 'நான்தான் எழுதினேன்'னு சொல்லுங்க. அவர்கிட்ட நான் மரியாதையாப் பேசறேன்."

யாரும் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் மெல்லப் பின்வரிசை ஆனார்கள். அந்த அமைதியில் மேலேயிருந்து, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில் சத்தம் வந்தது. நீளமாக, உடையாமல் வந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னலில் ரெஃப்ரி நின்றிருந்தார். மகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். விசில் வாயில் இருந்தது. தூக்கிய கையில் சிவப்பு அட்டை. அவருடைய காலத்தில் தனித்தனி ஆட்டக்காரர்களுக்குத்தான் அதைக் காட்டியிருக்கிறார். அன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தெரு முழுவதற்கும் காட்டினார். சேனல்காரர்தான் முதலில் மைக்கைச் சுருட்டினார். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சிலர் போகிற வழியிலேயே போனில் எதையோ அழித்துக்கொண்டு போனார்கள்.

தெரு காலியானபிறகு கதவு திறந்தது. டீச்சர் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"அவர் என்னைப் பாத்துத்தான் கை நீட்டினார்னு நினைச்சேங்க. சத்தியமா நல்லது பண்றதாத்தான் நினைச்சேன்."

"நினைச்சீங்க. கேக்கல," என்றாள் பிசியோ. குரலில் கனிவு இல்லை. "நல்ல மனசு மட்டும் போதாது டீச்சர். ஒருத்தரைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேக்கணும். ஒரு வார்த்தை கேக்கத் தைரியம் இல்லாத யாருக்கும் ஊரைக் கூட்டுற உரிமை இல்ல. எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

டீச்சர் தலையசைத்தாள். பிசியோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். மேலே ஜன்னலில், இன்னும் வைத்தியம் பாக்கி இருக்கிற ரெஃப்ரி, அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் வீசி நீட்டினார்.

"ஏங்க..." பின்னாலிருந்து டீச்சர் கூப்பிட்டாள். தயங்கித் தயங்கி, முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டாள். "அவர் கை நீட்டுறாரே... அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"எவன் வந்து மோதினாலும் நிக்காத, ஆடிக்கிட்டே போன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு பிசியோ தெருவைக் கடந்தாள்.